பாம்புக்கடியும் சங்கப் பிரச்சினைதான்

தோழர்களே,

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா வாரா வாரம் இரத்தம் சுத்திகரிக்க பஸ் ஏறுகிறார். கொழுந்து எடுக்கும்போது குணகட்டுவா கடித்தது, சிறுநீரகம் போய்விட்டது.

இலங்கையில் அதிகம் கடிக்கும் நச்சுப்பாம்பு இந்தக் குழிவிரியன்தான். ஆஸ்பத்திரியில் ஏற்றும் விஷமுறிவு மருந்தோ இந்தியாவில் செய்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் உரியது, குணகட்டுவாவுக்குக் கேட்காது.

ஏன் மருந்தில்லை? கடிபடுகிறவரிடம் காசில்லை. காசில்லாத இடத்தில் கம்பெனிக்கு இலாபமில்லை.

2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்காக வாதாடியவர்கள் எல்லைகளற்ற வைத்தியர்கள் போன்ற இலாபநோக்கற்ற அமைப்புகள். வெறுங்காலோடு மலையேறும் நம் பெண்களுக்காக யாரோ பேசினார்கள். நாம் எங்கே இருந்தோம்?

"சம்பளம் கேட்கவே தொண்டை வற்றுது, இதுக்கு எங்க நேரம்?" என்கிறார்கள் நம் தலைவர்கள் சிலர். சிறுநீரகம் போன பிறகு சம்பளம் யாருக்கு ஐயா?

அடுத்த பேச்சுவார்த்தையில் இரண்டைச் சேர்ப்போம்: மலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் பூட்ஸ், நம் நாட்டுப் பாம்புகளுக்கான மருந்து ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம்.

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகளே, சுகாதார அமைச்சு உங்களுக்குத்தான் பக்கம். மனுவோடு முன்னால் போங்கள். தோட்டம் பின்னால் வரும்.