வால்பாறை ஏன் சுருங்குகிறது?

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது வால்பாறை நகராட்சியில் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2011இல் ஏறத்தாழ 71 ஆயிரம் பேர்தான். அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. போரும் பஞ்சமும் இல்லாத காலத்தில் ஓர் ஊர் தன் மக்களில் நான்கில் ஒரு பங்கினரை இழந்திருக்கிறது. தேயிலை விலைச் சரிவு, கட்டுப்படியாகாத கூலி, சிறுத்தை பயம், யானை பயம் என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் கிடப்பது நிலம். வால்பாறையை உருவாக்கிய உழைப்பாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அங்கே ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தமில்லை.

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் ஊர் இது; கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரம். நடுவில் சுமார் 220 சதுர கிலோமீட்டருக்குத் தோட்டங்கள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும். இங்குள்ள சின்னக்கல்லாறு, தமிழகத்தில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. அந்த மழையைத்தான் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் அணைகள் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களுக்கும் தோப்புகளுக்கும் அனுப்புகின்றன.

காடர் பழங்குடியினர் வாழ்ந்த இந்த மழைக்காட்டை 1890களில் கார்வர் மார்ஷ் போன்ற துரைமார் தோட்டமாக்கத் தொடங்கினார்கள். மரம் வெட்டியதும் கன்று நட்டதும், கங்காணிகள் முன்பணம் கொடுத்து மலையேற்றிய ஏழைகள். பஞ்சத்தால் துரத்தப்பட்டு வந்தவர்கள் கடனாலும் மலேரியாவாலும் சிறைப்பட்டார்கள். 1940களில் தோட்ட மருத்துவராக வேலை பார்த்து, பிறகு தொழிற்சங்கத் தலைவரான பி.எச். டேனியல் அந்தக் கொடுமைகளை ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். அது இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடியிருப்பு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. அது பெரிய வெற்றி. ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. ஓய்வு பெற்றால், தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது கொழுந்து பறிக்கப் போனால்தான் குடும்பம் அங்கேயே இருக்க முடியும். படித்த பிள்ளை அதற்கு ஏன் சம்மதிக்க வேண்டும்? திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்கள். பெற்றோரும் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே இறங்குகிறார்கள். அவர்கள் விட்டுப்போன லைன்களில் இன்று அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. மொழி மாறியிருக்கிறது, நிபந்தனை மாறவில்லை.

நெல்லை மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். 2028இல் குத்தகை முடியவிருக்க, 2024லேயே தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் கையில் ஊரைத் தங்களுடையது என்று காட்ட ஒரு தாள் இல்லை.

தொழிலாளர்களுக்கு இங்கே நிலம் தர வேண்டும் என்றால், காட்டுயிர்களை முன்வைத்து எழும் மறுப்பை நான் மதிக்கிறேன். தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகள் சிங்கவால் குரங்குக்கும் யானைக்கும் உயிர்நாடி. கண்ட இடத்தில் மனை பிரித்தால் அவையும் அழியும், மனித உயிர்களும் போகும். ஆனால் யானைகள் எந்த ஓடையை ஒட்டி நடக்கின்றன, எங்கே நிற்கின்றன என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். அதை வைத்துத் தொழிலாளர்களுக்குக் கைபேசியில் முன்னெச்சரிக்கையும் போகிறது. எங்கே கட்டக் கூடாது என்பதைச் சொல்லும் அதே வரைபடம், எங்கே கட்டலாம் என்பதையும் சொல்லும்.

2019 மழையில் மண் சரிந்து வீடிழந்த கல்லார் காடர்கள், தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டு விடாமல் போராடினார்கள். புலிகள் காப்பகத்துக்குள்ளேயே, வன உரிமைச் சட்டத்தின் வழியாக அவர்களுக்கு நிலம் கிடைத்தது. தோட்டத் தொழிலாளருக்கு அப்படியொரு சட்டம் இல்லை. நில உச்சவரம்புச் சட்டமும் தோட்டங்களுக்கு விலக்கு தந்திருக்கிறது. அந்த விலக்கைப் பெற்ற நிலத்திலிருந்து, நகரை ஒட்டி, யானைத்தடம் இல்லாத ஒரு பகுதியை அரசு எடுத்து, ஓய்வு பெறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் பட்டாவோடு வீடு தர வேண்டும். மனையை விற்கவும் விடுதியாக மாற்றவும் தடை விதித்தே தரலாம். அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருந்தால், பட்டாவை வாங்க வேண்டியவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள்.