தறி நின்றால் கூலி போகும்... மாத்திரை நின்றால்? - நெசவாளர்களும் ரத்த அழுத்தமும்

“தலை சுத்தல, மயக்கம் வரல, நல்லாத்தான் இருக்கேன். போன தடவை பார்த்தப்ப பிபி நார்மல்னு சொன்னாங்க. அப்புறம் எதுக்கு மாத்திரை?”

உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, பக்கத்தில் தேவிகாபுரம் போன்ற பட்டு நெசவு ஊர்களில் இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு. இங்கே கூலி சேலைக் கணக்கில்தான். ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு பகல் போனால், அந்தப் பகல் தறி ஓடவில்லை என்று அர்த்தம். முகூர்த்த மாதங்களிலும் தீபாவளிக்கு முன்பும் கேட்கவே வேண்டாம். மாத்திரை தீர்ந்துபோகும். ‘அடுத்த வாரம் வாங்கிக்கலாம்’ என்று தள்ளிப்போடுவார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றதும் அப்படியே விட்டுவிடுவார்கள்.

ஒன்றும் ஆகாதது போலத் தெரிவதுதான் இந்த நோயின் சிக்கலே. உலகம் முழுவதும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான்.

நெசவாளர்களுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். பாவு அளவான இறுக்கத்தில் இருந்தால்தான் நாடா தடையில்லாமல் ஓடும். இறுக்கம் கூடினால் இழை அறும். ரத்தக் குழாயிலும் இறுக்கம்தான் பிரச்னை. ஆனால், பாவு இழை உடனே அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். ரத்தக் குழாய் வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டே போகும். அதற்குள் இதயத்தின் சுவர் தடித்துவிடும். சிறுநீரகமும் கண்ணின் விழித்திரையும் பழுதாகத் தொடங்கும். பலருக்கு முதல் அறிகுறியே மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோதான் வருகிறது.

‘நார்மல்’ என்று வந்ததே மாத்திரை வேலை செய்ததால்தான். நிறுத்தினால், சில நாள்களிலோ வாரங்களிலோ பழைய அளவுக்கே ஏறிவிடும். மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உடல் எடையும் உப்பும் குறைந்த சிலருக்கு அவர்களே குறைத்தும் கொடுப்பார்கள்.

முதுகுவலி மாத்திரையில் ஒரு வில்லங்கம்

குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, முன்னால் குனிந்து, மணிக்கணக்கில் உட்காரும் வேலை. முதுகும் தோளும் வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சர்யம். வலித்தால் மெடிக்கல் ஷாப்பில் ‘வலி மாத்திரை’ கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி தறியில் உட்காருவது பலருக்கும் பழக்கம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். ரத்த அழுத்தம் ஏறும். டெல்மிசார்டன் போன்ற பிபி மாத்திரைகளின் வேலையையும் இவை மட்டுப்படுத்தும். தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. ‘ஒழுங்கா மாத்திரை போட்டும் பிபி குறையலையே’ என்று புலம்புபவர்களிடம் மருத்துவர்கள் வலி மாத்திரை பற்றியும் விசாரிப்பது இதனால்தான். கடையில் மருந்து வாங்கும்போது, ‘எனக்கு பிபி இருக்கு’ என்ற மூன்று வார்த்தைகளை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம் கால் வீக்கம். அரசு மருத்துவமனைகளில் பரவலாகக் கொடுக்கப்படும் அம்லோடிபின் மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் வீக்கத்தைக் கொண்டுவரும். நாள் முழுக்கக் குழிக்குள் காலைத் தொங்கவிடுபவர்களுக்கும் சாயங்காலம் கால் வீங்கும். எது எதனால் என்று தெரியாமல் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தாமல், காலைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரை தருவார். வீக்கத்தோடு மூச்சுத்திணறலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

“கையும் காலும் ஓயாம ஆடுதே, இதைவிட என்னங்க எக்சர்சைஸ்?” என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆனால், தறி வேலையில் உடம்பு அலுக்குமே தவிர, வேக நடையில் வாங்குவது போல மூச்சு வாங்காது. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடப்பதை எந்தத் தறியும் ஈடுசெய்யாது. நாக்குக்கு அடியில் புகையிலை அடக்கிக்கொண்டு நெய்பவர்களுக்கு, அந்த நிகோடினும் சேர்ந்து இதயத்தை விரட்டுகிறது.

உப்பு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான்!

வாசலுக்கே வரும் மருந்து

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். பிபி, சர்க்கரைக்கான பரிசோதனையும் மாத்திரையும் இதில் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதுகுவலிக்காரர்கள் கேட்டுப் பார்க்கலாம். வீட்டுத் தறிக்காரர்களுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. பகலில் வேலைக்கு வெளியே போகிறவர்களைப் போல இல்லாமல், தன்னார்வலர் வரும்போது அவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளலாம்.

ஆனால், தறியிலிருந்து எழுந்த கையோடு கையை நீட்டிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் பதியட்டும், கை இதய உயரத்தில் இருக்கட்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. அளக்கும்போது பேச்சு வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் டீ குடித்திருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். வேறு வேறு நாள்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால், அது உயர் ரத்த அழுத்தம். ஒரு நாள் கூடுதலாக வந்ததற்காகப் பயப்படவும் வேண்டாம், ஒரு நாள் குறைந்ததற்காக மாத்திரை அட்டையைத் தூக்கிப்போடவும் வேண்டாம்.

நெஞ்சை அழுத்துவது போன்ற வலி இடது கை, தாடை, முதுகுக்குப் பரவி, வியர்த்துக் கொட்டினால், ‘வாயுப்பிடிப்பு’ என்று சோடா வாங்கக் கிளம்பாதீர்கள். 108-ஐ அழையுங்கள். 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் முதல் டோஸ் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று வீட்டில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.