‘பழகிக்கொள்ளுங்கள்’ என்ற ஒற்றைச் சொல்

காதுக் குறும்பியை அகற்றுவது சில நிமிட வேலை. நெல்லித்தோப்பில் வசிக்கும் எனக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இடது காது அடைத்துக்கொண்டபோது நானும் அப்படித்தான் எண்ணிப் போனேன். மருத்துவர் உறிஞ்சுகுழாயைச் செலுத்தி இறுகிக் கிடந்ததை எடுத்தார். குழாய் இயங்கிய ஓசை காதுக்குள் பேரோசையாக இருந்தது. அதுவும் நொடிகளில் அடங்கியது. வெளியே வந்தபோது கடைத்தெருவின் பேரம், ஆட்டோக்களின் உறுமல், மாதா கோயில் மணி எல்லாம் துலக்கமாகக் கேட்டன. மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

அன்றிரவு விளக்கை அணைத்ததும் அறையில் ஒரு சில்வண்டு கத்தியது. எழுந்து அலமாரிக்குப் பின்னால் தேடினேன். “எந்தச் சத்தமும் இல்லையே, படுங்க” என்றாள் மனைவி. வண்டு இருந்தது என் காதில். இன்றும் இருக்கிறது.

மீண்டும் மருத்துவரிடம் போனேன். செவிப்பறை நன்றாக இருக்கிறது என்றார். “இதற்கு மருந்தில்லை, பழகிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். இக்கட்டுரை அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குறும்பி அகற்றியதால்தான் இரைச்சல் வந்தது என்று என்னால் நிறுவ இயலாது. அடைத்திருக்கும் குறும்பியே சிலருக்கு இரைச்சலைத் தரும். அகற்றினால் பெரும்பாலும் குறையும். அரிதாகவே, அகற்றும்போது எழும் ஓசையாலோ காயத்தாலோ உட்காதுக்குத் தீங்கு நேரலாம். முன்பே இருந்த செவிக்குறைபாடு அப்போதுதான் கவனத்துக்கு வருவதும் உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, காக்கைதான் தள்ளியதா என்ற வழக்கை முதல் ஆறு மாதம் மனத்துக்குள் நடத்தினேன். தீர்ப்பு கிடைக்கவில்லை, இரைச்சல்தான் வளர்ந்தது.

அது ஏன் வளர்ந்தது என்பதைப் பின்னர் படித்துத்தான் அறிந்தேன். உட்காதின் நத்தைச் சுருளில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. வரவேண்டிய செய்தி குறையும்போது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கங்களுள் ஒன்று. நிலையம் கிடைக்காத வானொலியில் ஒலியளவைக் கூட்டினால் இரைச்சல்தானே பெருகும்? நலமான காதிலும் இதன் சாயல் உண்டு. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் இயல்பான செவித்திறன் கொண்ட 80 பேரை ஓசைபுகா அறையில் சில நிமிடங்கள் உட்கார வைத்தனர். அவர்களுள் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகச் சொன்னார்கள்.

அப்படியானால் சிலருக்கு மட்டும் இது துன்பமாவது ஏன்? 1990இல் யாஸ்ட்ரெபாஃப் முன்வைத்த கருத்து இங்கே உதவுகிறது. ஒலியோடு அச்சம் சேர்ந்துகொண்டால் மூளை அதை ஆபத்தின் அறிகுறியாக எண்ணி இடைவிடாது கண்காணிக்கிறது. அச்சம் விலகினால், மின்விசிறியின் ஓசையை மறப்பதுபோல் மெல்ல மறக்கிறது. நான் யாரைக் குற்றம் சொல்வது என்று யோசித்த ஒவ்வொரு முறையும் ஒலி இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். என் கோபமே வண்டுக்குத் தீனி போட்டது. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை ஒலியைக் குறைப்பதில்லை. அதனால் வரும் துன்பத்தைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆக, மருத்துவர் சொன்னது பொய்யில்லை. பழகிக்கொள்வதே சிகிச்சை. ஆனால் எப்படி என்று சொல்லாமல் பழகச் சொல்வது, நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளி ‘நீந்து’ என்பதற்கு ஒப்பாகும். செவித்திறனை அளந்து பார்க்க வேண்டும். திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் நாள் கடத்தாமல் வரச் சொல்ல வேண்டும். அதற்கான மருந்து முதல் இரண்டு வாரங்களுக்குள்தான் பெரிதும் பயன் தரும். நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலோ தலைசுற்றினாலோ தனியே ஆராய வேண்டும். இவையேதும் இல்லையென்றால், நிசப்தத்தைத் தேடி ஓடாதீர்கள், மெல்லிய ஓசை ஒன்று அருகில் இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். இவ்வளவுக்கும் பத்து நிமிடம் போதும். நெல்லித்தோப்பின் சந்தடியை எத்தனையோ முறை சபித்தவன் நான். இப்போது இரவில் தெருப்பக்கச் சன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறேன்.

இது புதிய நோயன்று. சுசுருத சம்ஹிதை சொல்லும் 28 செவிநோய்களில் காதிரைச்சலும் குறும்பியடைப்பும் ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றன. தெருப்பெயர்ப் பலகைகளில் இன்றும் பிரெஞ்சு மொழி நீடிக்கும் இவ்வூரில் ரூசோவை நினைப்பது பொருத்தம். 1782இல் வெளியான தன்வரலாற்றின் ஆறாம் பகுதியில், இளமையில் திடீரெனத் தொடங்கிய தன் காதிரைச்சலை அவர் பிரித்துப் பிரித்து விவரிக்கிறார்: ஆழ்ந்த ரீங்காரம், ஓடும் நீரின் முணுமுணுப்பு, கூரிய சீழ்க்கை, நாடியின் துடிப்பு. முப்பது ஆண்டுகளாக அது நீங்கவில்லை என்றும் எழுதுகிறார். அவர் பெரிய நூல்களையெல்லாம் எழுதியது அந்த இரைச்சலோடுதான்.

செக் இசையமைப்பாளர் ஸ்மெதனா 1874இல் செவித்திறனை இழந்தார். 1876இல் ‘என் வாழ்விலிருந்து’ என்ற நால்வர் இசையை எழுதினார். அதன் இறுதிப் பகுதியில் களிப்பான ஓட்டம் சட்டென அறுபட, முதல் வயலினில் மிக உயர்ந்த ஒற்றைச் சுரம் நீள்கிறது. செவிடாகுமுன் தன் காதில் ஒலித்த சீழ்க்கை அது என்று அவரே விளக்கியிருக்கிறார். அதை முதன்முறை கேட்டபோது நான் அழுதேன். வேறொருவருக்கும் கேட்காத ஒலியை அவர் எல்லோருக்கும் கேட்கும்படி செய்துவிட்டார். காதிரைச்சல் உள்ளவனுக்கு முதல் தேவை மருந்துகூட இல்லை. அவனுக்குக் கேட்பது உண்மை என்று ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்குக் காதிரைச்சல் இருப்பதாக 2022இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று மதிப்பிடுகிறது. நம் தெருவிலும் சிலர் இருப்பார்கள். சென்ற மாதம் பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்தார். “தம்பி, உங்களுக்கும் கேக்குதாமே?” என்றார். “கேக்குது சார், உக்காருங்க” என்றேன். பழகிக்கொள்ளலாம் என்றுதான் நானும் அவரிடம் சொன்னேன். ஆனால் அதைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.