கரையில் நின்றது போதும்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத நம் மலரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது நீச்சலைப் பற்றி. "நீச்சல்ல என்னப்பா கருத்து இருக்கு?" என்று சிரிக்க வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

பதினெட்டு வயது வரை எனக்கு நீச்சல் தெரியாது. இதை விடுதியில் ஒருவரிடமும் சொன்னதில்லை. என்.எஸ்.எஸ். முகாமில் எல்லோரும் வாய்க்காலில் குதித்தபோது, "சளி பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கரையில் துணிமணிக்குக் காவல் இருந்தவன் நான். இப்போது விசாரித்துப் பார்த்தால், அன்று என்னோடு 'சளி பிடித்து' உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு என் வியாதிதான்!

எனக்கு ஏன் தெரியாமல் போனது? எங்கள் ஊரில் தோட்டத்துக் கிணறுகள் ஏழெட்டு உண்டு. எங்கள் தெருப் பிள்ளைகள் அவற்றில் இறங்கியதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. கேட்காமலே தெரிந்த பதில் அது. 1927-இல் மகாத் என்ற ஊரில் பொதுக்குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிப்பதற்கே டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. குடிக்கவே அந்தப் பாடு என்றால், குளிக்க யார் விடுவார்கள்?

ஆகவே வெயில் காலத்தில் எங்கள் தெருப் பையன்களுக்கு வாய்த்தது, கைவிட்ட கல்குவாரிக் குட்டைதான். கிணற்றுக்குப் படி இருக்கும். குவாரிக்குப் படி கிடையாது. வெட்டியெடுத்த பாறை செங்குத்தாக உள்ளே இறங்கும். பிடிக்க ஒரு வேர்கூட இருக்காது. நான் பிறப்பதற்கு முன்னால், அங்கே ஓரத்தில் நின்று குளித்த ஒரு பையன் வழுக்கி உள்ளே போனான். என் சித்தப்பாவுக்கு அப்போது பதினாறு வயது. அவருக்கும் நீச்சல் தெரியாது. ஆனாலும் கூட்டாளியைப் பிடிக்கக் குதித்துவிட்டார். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரே சட்டம். தண்ணீர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. "நீச்சல் தெரிஞ்சவன்தாண்டா தண்ணியில சாவான். தெரியாதவன் கரையில நிப்பான்" என்பார் அப்பா. லாரிக்கு ஜல்லி ஏற்றி என்னைப் படிக்க வைக்கிற மனிதர். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கடந்த மே விடுமுறையில் கோபி பக்கம் உள்ள வகுப்பு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் கோடையிலும் மூன்று ஆள் ஆழம் தண்ணீர். நண்பனின் தங்கை, ஐந்தாவது படிக்கிற குழந்தை, மோட்டார் ரூம் மேலிருந்து குதித்துத் தவளை மாதிரி நீந்திப் போனாள். நான் மேல்படியில் உட்கார்ந்திருந்தேன். நண்பனின் அமுச்சி வந்து, "ஏன் கண்ணு, நீ எறங்கலையா?" என்றார். சளி என்று சொல்ல வாயெடுத்தேன். எதனாலோ அன்று உண்மை வந்துவிட்டது. "நீச்சல் தெரியாதுங்க அமுச்சி."

"எந்த ஊரு கண்ணு? யாரு வூட்டுப் பையன்?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். தெருவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து வீட்டுக்குள் போனார். 'சரி, கிளம்ப வேண்டியதுதான்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலி எண்ணெய்க் கேனும் கயிறுமாகத் திரும்பி வந்தார். "அந்தக் காலத்துல சொரப்புருடை கட்டுவோம். இப்பக் கேனுதான்" என்று சொல்லி, அவர் கையாலேயே என் முதுகில் கட்டிவிட்டார்.

முதல் நாள் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பாதியைக் குடித்திருப்பேன். கையைக் காலைக் கண்டபடி உதறினேன். அமுச்சி மேலிருந்து சொன்னது இதுதான்: "பயப்படாத கண்ணு. தண்ணி உன்னையத் தூக்கத்தான் பாக்குது. நீதான் உன்னைய அமுக்கற."

நண்பர்களே, இதைத்தான் நாம் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் என்று எழுதி மார்க் வாங்கினோம்! வெளியேற்றப்பட்ட நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு மேல்நோக்கு விசை. மூச்சை நிறைய இழுத்துப் பிடித்தால் பெரும்பாலானவர்களின் உடம்பு தண்ணீரைவிடச் சற்றே லேசு. மூச்சை முழுதும் விட்டுவிட்டால் சற்றே கனம். பயந்தவன் என்ன செய்கிறான்? கையை மேலே தூக்குகிறான். தண்ணீருக்கு வெளியே வந்த கைக்கு மிதப்பு விசை கிடையாது, அதன் எடை மட்டும் அவனைக் கீழே அழுத்துகிறது. தலையை உயர்த்தி நிமிரப் பார்த்தால் கால் கீழே போகிறது. மல்லாந்து, காதுவரை தண்ணீருக்குள் விட்டு, நெஞ்சில் காற்றை நிரப்பிக் கிடந்தால் உடம்பு தானாக மிதக்கிறது. படித்த எனக்கு இது புரியப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இருபதாம் நாள் கேன் இல்லாமல் கிணற்றை மூன்று சுற்று வந்தேன்.

இன்னொன்றும் கற்றேன். மூழ்குகிறவன் சினிமாவில் வருவதுபோல் "காப்பாத்துங்க" என்று கத்துவது அபூர்வம். மூச்சு வாங்கவே நேரம் போதாதவன் எப்படிக் கத்துவான்? பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாமல் போய்விடுவான். எனக்கு என் முதலாம் ஆண்டு ஞாபகம் வந்தது. தமிழ் வழியில் படித்து வந்து, முழுக்க இங்கிலீஷில் நடந்த வகுப்பில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் மூன்று மாதம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நானும் கத்தவில்லை. "தெரியாது" என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தில் இரண்டு பேப்பர் போயிற்று. தண்ணீரில் அதே வெட்கத்துக்கு உயிர் போகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் உலகம் முழுவதும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். நம் நாட்டில் மட்டும் 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் தலா 30,000-க்கு மேற்பட்டோர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக 2021-இல் அறிவித்தது. நம் கல்லூரியில் எத்தனையோ தினம் கொண்டாடுகிறோம். இந்த நாளை யாராவது கேள்விப்பட்டிருக்கிறோமா? 1994-இல் பன்னிரண்டு வயதுக் குற்றாலீசுவரன் பாக் நீரிணையை நீந்திக் கடந்ததை நம் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். கை தட்டினோம், சரி. நம் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கினோமா?

"நீச்சல் தெரிந்தவன்தானே ஆற்றில் போய்ச் சாகிறான்?" என்று கேட்பீர்கள். அப்பா கேட்டதும் அதுதான். அதில் பாதி உண்மை இருக்கிறது. கிணற்றில் கற்றவன் ஆற்றின் இழுப்பையும், மணல் அள்ளிய குழியையும் அறியமாட்டான். ஆனால் மறுபாதி? தெரியாதவன் கரையில் நிற்பான் என்பது பொய். கூட்டாளி முங்கும்போது யாரும் கரையில் நிற்பதில்லை. என் சித்தப்பா நிற்கவில்லை. ஆகவே நீந்தக் கற்பதோடு, எப்போது குதிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் மூழ்கியபோது, மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை மீட்டார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. கயிறோ, வேட்டியோ, மூங்கிலோ, காலிக் கேனோ, எதையாவது முதலில் வீச வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். "எத்தனை நாள்ல கத்துக்கிட்ட?" என்றார். "இருபது நாள்பா" என்றேன். "இருபது நாளா..." என்றார். "அவ்வளவுதானா?" அதற்குமேல் பேசவில்லை. அன்று அவர் சாப்பிடவும் இல்லை.

நண்பர்களே, மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். பெரிய நீச்சல் குளம் கட்டித்தரச் சொல்லவில்லை. வரும் ஆண்டு முதல் என்.எஸ்.எஸ். முகாமில் பத்து நாள், பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் தொடங்கி, மிதக்கவும் மூச்சு விடவும் கயிறு வீசவும் கற்றுத்தர ஏற்பாடு செய்யுங்கள். மாணவிகளுக்கும் தனியே ஏற்பாடு வேண்டும். அவர்களுக்கு 'சளி பிடித்திருக்கு' என்று சொல்லும் வாய்ப்பைக்கூட நாம் கொடுப்பதில்லை. முகாமுக்குத் தேர்ந்தெடுக்கும் நீர்நிலை, எந்தத் தெருப் பிள்ளையும் தயங்காமல் இறங்கக்கூடியதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அதுவரை, "எனக்கு நீச்சல் தெரியாது" என்று வெட்கப்படாமல் சொல்லும் தைரியமுள்ளவர்கள் விடுதி பதினொன்றாம் அறைக்கு வாருங்கள். கேனும் கயிறும் என்னிடம் இருக்கின்றன. மேலே கயிற்றைப் பிடித்து நிற்க, நன்றாக நீந்தத் தெரிந்த சீனியர் ஒருவரையும் பேசி வைத்திருக்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை