வென்ற பிறகும் துணை வேண்டும்

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம் சமனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் நடப்புச் சாம்பியன் டிங் லிரென் ரூக்கை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். மூலையில் நின்ற அவருடைய பிஷப்பையும் சேர்த்துப் பரிமாறிவிட்டால் சிப்பாய் அதிகமுள்ள எதிராளி குகேஷுக்கே வெற்றி. அதைக் கண்டுகொண்ட 18 வயதுச் சென்னை இளைஞர் உலக சாம்பியன் ஆனார். நாம் கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் தோற்றவரின் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 2017-18இல் தொடர்ந்து 100 ஆட்டங்களில் தோற்காதவர் டிங். 2023 ஏப்ரலில் அஸ்தானாவில் பட்டம் வென்றபின் பல மாதங்கள் போட்டிகளிலிருந்து விலகினார். மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றதை வெளிப்படையாகவே சொன்னார். பட்டத்தைக் காக்க வந்தபோது தரவரிசையில் முதல் 20 பேரில்கூட அவர் இல்லை. அவருக்கு முந்தைய சாம்பியன் கார்ல்சன் 2013இல் சென்னையில் ஆனந்தை வென்று பட்டம் பெற்றவர். ஐந்து முறை வென்றபின், ஆர்வமில்லை என்று 2022இல் பட்டத்தையே விட்டுக்கொடுத்தார். 2008 பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ராவும், அதன்பின் தன்னைச் சூழ்ந்த வெறுமையைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

இவர்களின் காரணங்கள் வேறு. ஆனால் வெற்றியோடு பாரம் இறங்கிவிடுவதில்லை என்பதை மூவருமே உணர்த்துகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரு குறிக்கோள்தான் எழும் நேரத்தையும் உணவையும் நட்பையும் தீர்மானிக்கிறது. அது கைகூடிய மறுநாள் அந்தப் பிடிமானம் போய்விடுகிறது. அதுவரை தனக்காக ஆடியவர், இனிமேல் பட்டத்துக்குத் தகுதியானவர்தான் என்று ஊருக்கு நிரூபிக்க ஆட வேண்டும். குகேஷுக்கும் அது நேர்ந்தது. பட்டம் வென்ற இரண்டு மாதங்களுக்குள்ளேயே, 2025 பிப்ரவரியில், விக் ஆன் ஸீ செஸ் போட்டியில் பிரக்ஞானந்தாவிடம் டைபிரேக்கரில் தோற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் சமர்கண்டில் நடந்த போட்டியில் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை இழந்தார். ஒவ்வொரு தோல்வியும் பட்டத்தின் மீதான சந்தேகமாகவே பேசப்பட்டது.

நெருக்கடியைத் தாங்குவதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதானே, தாங்காதவர் ஏன் களத்துக்கு வர வேண்டும் என்று கேட்கலாம். டிங் தாங்காதவர் அல்ல. மன அழுத்தத்திலிருந்து மீண்டு வந்து, முதல் ஆட்டத்தையே வென்று, கடைசி ஆட்டம் வரை சமமாகப் போராடினார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனநலம் கருதிக் குழு இறுதிப்போட்டியின் பாதியிலேயே விலகிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2024 பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். ஓய்வும் சிகிச்சையும் திறமையைக் குறைக்கவில்லை, காப்பாற்றின. கோடிகளில் பரிசு பெறுபவர்களுக்கு என்ன கவலை, கூலித் தொழிலாளியின் கவலையைப் பாருங்கள் என்பது இன்னொரு வாதம். நியாயமான அக்கறைதான். ஆனால் ஒருவர் துயரத்தை மதிப்பதால் இன்னொருவர் துயரம் புறக்கணிக்கப்படுவதில்லை. சாம்பியனே உதவி கேட்கலாம் என்று ஊர் ஏற்றுக்கொண்டால், பொதுத்தேர்வில் மாநில அளவில் சாதித்துவிட்டுக் கல்லூரியில் திணறும் பிள்ளையும் தயங்காமல் வாய் திறக்கும்.

உலகப் போட்டிக்குத் தயாரானபோது குகேஷுடன் மனப்பயிற்சியாளர் பாடி அப்டன் இருந்தார். வெல்வதற்கு முன் அவசியமாக இருந்த துணை, வென்றபின் வேண்டாததாகிவிடாது. குகேஷுக்கு ரூ.5 கோடி அறிவித்த தமிழக அரசும் விளையாட்டுச் சங்கங்களும், பதக்கம் வெல்லும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஓராண்டுக்கு மனநல ஆலோசகரின் துணையையும், காரணம் கேட்காத ஓய்வையும் பரிசோடு சேர்த்தே உறுதி செய்ய வேண்டும். நாமும் அவர்களைத் தோற்க அனுமதிக்க வேண்டும்.