தலைக்கு மேலே மெனஸ்

குற்றாலம் பேரருவிக்குப் போகிற வழியில் அரைக் கிலோ நேந்திரம் சிப்ஸ் ஒரே நொடியில் கை மாறிவிட்டது. காசு கொடுத்தது நான். தின்றது, எதிர்க்கடைத் தகரக் கூரைமேல் உட்கார்ந்திருந்த ஒரு கடுவன் குரங்கு. பி.காம். படித்தவன் இல்லையா, வாராக் கடன் என்று மனசுக்குள் எழுதிவிட்டு நடந்தேன். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் இந்தக் குரங்குகளின் கொஞ்சலைப் பாடிவைத்திருக்கிறார். அவர் கையில் சிப்ஸ் இருந்திருக்காது.

கூட வந்த அக்கா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒன்பதாவது படிக்கிறான்.

"இதைத்தான் இங்கிலீஷ் பேப்பர்ல 'மங்கி மெனஸ்'னு போடுதாங்களா மாமா? மெனஸ்னா என்ன?"

"தொல்லைல."

"டிக்‌ஷனரியில அச்சுறுத்தல்னு இருக்கே?"

மருமகன் முன்னால் மானம் போகலாமா? தென்காசி திரும்பியதும் தடித்தடி அகராதிகளைப் புரட்டினேன்.

லத்தீனில் 'மினை' என்றால் துருத்தி நிற்கும் முனை; மதில் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்குமே, அது. (உடனே நம்ம 'முனை'தான் ரோமாபுரிக்குப் போனது என்று கிளம்பிவிடாதீர்கள். சும்மா ஒலி ஒற்றுமை!) அதே சொல்லுக்கு மிரட்டல் என்றும் அர்த்தம். தலைக்கு மேலே நின்றுகொண்டு 'விழட்டுமா?' என்று கேட்கிறதே, அது மிரட்டல் இல்லாமல் வேறென்ன? பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் இங்கிலீஷுக்கு வந்து 'மெனஸ்' ஆயிற்று. ப்ராமினென்ட், எமினென்ட், இம்மினென்ட் எல்லாம் ஒரே குடும்பம். இம்மினென்ட் என்றால் இதோ தலைமேல் விழப்போகிறது என்று பொருள்.

ப்ராமனேடும் சொந்தக்காரன்தான். அதட்டி மாடு ஓட்டுவதைச் சொன்ன லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது. கடற்கரையில் ஜோடியாக உலாத்துகிறார்களே, அதில் யார் யாரை ஓட்டுகிறார் என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

1951 மார்ச்சில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 'டென்னிஸ் தி மெனஸ்' என்ற பெயரில் இரண்டு தனித்தனி வாண்டுகள் கார்ட்டூனில் பிறந்தார்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமே கிடையாது. அதற்குள் வார்த்தை அவ்வளவு சாதுவாகிவிட்டது.

சிரித்துக்கொண்டே படித்தவனுக்கு இம்மினென்டில் வந்து சிரிப்பு நின்றுவிட்டது. 2024 மே 17. பழைய குற்றாலம். சீசன்கூட ஆரம்பிக்கவில்லை. மலையில் பெய்த மழை திடுதிப்பென்று வெள்ளமாக இறங்கியது. குளித்துக்கொண்டிருந்த கூட்டம் அலறியடித்து ஓடியது. 17 வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் இழுத்துப்போனது. பிணமாகத்தான் கிடைத்தான். என் மருமகனைவிட மூன்று வயசுதான் மூத்தவன்.

பேரருவியில் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து வருகிறது. அப்படியும் வெள்ளம் பெருகி ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. தண்ணீரோடு கல்லும் மரக்கட்டையும் வரும். காலேஜ் நாளில் நானும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஈரத் துண்டோடு நின்று, "அஞ்சே நிமிஷம் ஸார்" என்று போலீஸ்காரரிடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். எங்களுக்கு அன்றைக்கு மெனஸாகத் தெரிந்தவர் அவர்தான். மலையை ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறும் மருமகனோடு போனேன். அருவிக்கரையில் நின்று மேலே பார்த்தான். மலை உச்சியே தெரியவில்லை, அப்படியொரு கறுப்பு.

"மாமா, இம்மினென்டா இருக்கு. போயிருவோமா?"

"வா, சிப்ஸ் வாங்கித் தாரேன்."

"பைக்குள்ள வச்சிக்கிடுங்க மாமா. அந்தா, கூரைமேல நம்மாளு இருக்கான்."