யாளிக்கு யார் அளவு சொன்னது?

போன பொங்கல் விடுமுறைக்கு ஓரிக்கை வந்திருந்த என் பேத்தி, டேப்லெட்டில் தான் வரைந்த படம் ஒன்றைக் காட்டினாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மாயக்கதை ஒன்று எழுதுகிறாளாம். ராத்திரியில் கோயில் தூணிலிருந்து ஒரு யாளி இறங்கி வருகிறது. நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி அதன் மேல் ஏறிப் பாலாற்று மணலில் போகிறாள். எழுதுவதற்கு முன்னால் பாத்திரங்களை வரைந்து பார்த்தால்தான் கதை ஓடும் என்றாள்.

நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, நாய்க்குக் கொம்பு வெச்ச மாதிரி இருக்கு" என்றேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். டேப்லெட்டை மூடிவிட்டு எழுந்து போனாள். அதன்பின் நாலு மாதம் ஒரு படமும் என் கண்ணில் படவில்லை.

நான் 32 வருஷம் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டவன். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக அன்னமும் மயிலும் இருதலைப்பட்சியும் யாளியும் வரைந்திருக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை அடித்து, அட்டைகளை வரிசையாகக் கோத்து ஜக்கார்டில் ஏற்றுவார்கள். தாளில் ஒரு கட்டம் தப்பினால், அந்த உருவம் வருகிற இடமெல்லாம் புடவையில் தப்பும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் "நல்லா இல்லை" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சிவப்புப் பென்சிலால் ஒரு கட்டத்தில் புள்ளி வைப்பார். "இங்க ஜரிகை நீளமா மிதக்குது, மோதிரத்துல மாட்டி இழுக்கும்" என்பார். எனக்கு அது போதும். இரவே திருத்திவிடுவேன். அவரிடம் தொழில் கற்ற நான், பேத்தியின் படத்தில் ஒரு புள்ளிகூட வைக்காமல் நாய் என்று சொல்லிவிட்டேன்.

நம் வயதுக்காரர்கள் பலரும் இப்படித்தான் இருக்கிறோம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது மணியம் படம் வரைந்தார். நான் படித்தது பிற்பாடு, வீட்டில் பைண்டு செய்து வைத்திருந்த தொகுப்பில். நந்தினியின் கொண்டையும் வந்தியத்தேவன் முகமும் அன்றே மனசில் ஒட்டிக்கொண்டன. பின்னால் வினு, பத்மவாசன் என்று வேறு ஓவியர்கள் வரைந்தபோது முகம் சுளித்தோம். 2022-ல் சினிமா வந்தபோதும் "இவன் வந்தியத்தேவனா?" என்றோம். வந்தியத்தேவன் முகத்தை நம்மில் யார் பார்த்தோம்? முதலில் பார்த்த படம் நமக்குச் சாமி படம் ஆகிவிட்டது. அதை வைத்து மற்றதையெல்லாம் அளக்கிறோம்.

இன்னொரு பேச்சும் உண்டு: "இப்பல்லாம் கம்ப்யூட்டரே போட்டுடுதே." நாலு வரி எழுதிக் கொடுத்தால் படம் தயாரித்துத் தரும் செயலிகள் வந்திருப்பது உண்மைதான். ஆனால் ஒரு பிள்ளை டேப்லெட்டில் பேனா பிடித்து, அழித்து அழித்து வரைவதையும் அதையும் ஒன்றாக்குவது அநியாயம். எங்கள் தொழிலில் கிராஃப் தாள் போய் கம்ப்யூட்டர் வந்தபோது, டிசைன்காரனின் கண்ணுக்கு வேலை போய்விடவில்லை.

மே மாதம் அவள் திரும்ப வந்தபோது கோயிலுக்குக் கூட்டிப்போனேன். காலையில் கைலாசநாதர். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டில் கட்டியது. மணற்கல் தூண்களின் அடியில் சிங்கமுக யாளிகள் பின்னங்காலில் எழுந்து நிற்கின்றன. மாலையில் வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபம். விஜயநகர காலத்தது. அங்கே யாளிகள் பாய்கின்றன, முதுகில் வீரர்கள். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 800 வருஷம். உடம்பு வேறு, முகம் வேறு, நிற்கிற விதமே வேறு. அந்த விஜயநகரச் சிற்பியிடம் போய், "பல்லவர் யாளி இப்படி இல்லையே" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தாலும் நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, "அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டும்மா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எடுத்தாள். ஒரு கண்ணைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள். கடைசியில் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது! என் கிராஃப் தாளேதான். அப்போதுதான் எனக்குப் பேச வாய் வந்தது.

"இதைக் கட்டைவிரல் அளவுக்குச் சின்னதாக்கு" என்றேன். புடவையை யாரும் கட்டத்தில் பார்ப்பதில்லை, நாலடி தள்ளி நின்று பார்க்கிறார்கள். சின்னதாக்கியதும் யாளியின் பிடரியும் பெண்ணின் கூந்தலும் ஒரே கறுப்பாகக் கலந்துவிட்டன. அவளே பார்த்துவிட்டு, "ஆமா தாத்தா" என்றாள். அடுத்து, "ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தா இந்த முன்னங்கால் தாங்காது. தூணைப் பார், கால் எவ்வளவு பருமன்" என்றேன். "இது ராத்திரி மட்டும் வர்ற யாளி தாத்தா. எடையே கிடையாது. மணல்ல தடம்கூட விழாது" என்றாள். அவள் கதை அது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கூந்தலை மாற்றினாள். காலை மாற்றவில்லை. இப்போதும் புதுப் படத்தை முதலில் தோழிக்குத்தான் அனுப்புகிறாள். எனக்கு இரண்டு நாள் கழித்து வருகிறது. ஒரு வாய்ச்சொல்லுக்கு அது நியாயமான தண்டனைதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஏதாவது வரைந்து கொண்டுவந்து காட்டலாம். குறை தெரிந்தால் சொல்லுங்கள்; ஒளிக்க வேண்டாம். பொய்ப் பாராட்டையும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். எந்தக் கட்டத்தில் குறை என்று விரல் வைத்துக் காட்டுங்கள். காட்டத் தெரியவில்லை என்றால், "இது யாரும்மா, என்ன செய்யுது?" என்று கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வி ஜனவரியிலேயே தோன்றியிருக்க வேண்டும்.